நல்ல கழிவு

நீட்டிய கைகள் நான்கு நொடி அப்படியே நின்றன. எதையும் எண்ணிப் பார்ப்பது என் சுபாவம் என்பதால் அதையும் எண்ணினேன். கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துக் கோப்பையை வென்று வந்த அணிக்கு எங்கள் மைதானத்தில் வரவேற்பு நடந்த மாலை அது. பெரிய சார் வடக்கே இருந்து ஏழு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வந்திருந்தார். பதினோரு வருடம் அந்த அணியைப் பயிற்றுவித்தவர். கோப்பைக்கு ஏழு மாதம் முன்னால்தான் நிர்வாகம் அவரைத் தன்னுடைய இன்னொரு கல்லூரிக்கு மாற்றியிருந்தது. வரிசையாக நின்ற ஆட்டக்காரர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டே வந்தவர், ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரனின் முன்னால் வந்ததும் இரண்டு கைகளையும் நீட்டினார். அவன் ஷூவின் கயிறு அவிழ்ந்ததுபோலக் குனிந்தான். கயிறு அவிழவில்லை, நான் பார்த்தேன். நிமிர்ந்தவன் அவரைத் தாண்டி மேடைப் பக்கம் போய்விட்டான். பெரிய சார் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடுவதுபோல ஏதோ செய்துவிட்டு அடுத்தவனிடம் நகர்ந்தார்.

அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறையில் நான் இருபத்தொன்பது வருடம் ஸ்டோர் கிளார்க். மாணவர்களுக்கு ஸ்டோர் சார். பந்துகள் எத்தனை, அதில் காற்று நிற்பவை எத்தனை, வலையில் ஓட்டைகள் எத்தனை என்பதெல்லாம் எனக்குக் கேட்காமலே தெரியும். யாரும் சொல்லாமலே ஆட்டங்களுக்கும் கணக்கு வைக்கத் தொடங்கினேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை முறை பந்தைத் தொட்டார்கள், எந்தக் காலால் தொட்டார்கள், தொடர்ந்து எத்தனை பாஸ் போனது என்று கோடு கோடாகக் கிழிப்பேன். பள்ளிப் படிப்பு எனக்குத் தமிழில். வேலை முழுக்க மலையாளத்தில். இரண்டும் ஒரே வாயில் இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அதை மட்டும் எண்ணாமல் விட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பை யாருடையது என்ற வழக்கு முப்பத்துமூன்று வருடமாகக் கேரள எல்லையோரத்து எங்கள் பாறசாலை சந்திப்பில் நடந்துவருகிறது. பெரிய சார் போன ஜூன் மாதத்திலேயே கோச் சார் வந்தார். தமிழ்நாட்டில், மதுரைக்கும் அப்பால் சொந்த ஊர். நல்ல அணிகளில் ஆடியவர். முழங்கால் போன பிறகு அந்த அணிகள் அவரை மறந்துவிட்டன. வந்த ஏழாவது மாதத்தில் கோப்பை கிடைத்தது. அதோடு ஊர் இரண்டு கட்சியானது. அன்று கூச்சல் போட்ட பையன்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பேரப்பிள்ளை பார்த்தவர்களும் உண்டு. ஆனால் டீக்கடைப் பெஞ்சில் ஒருவன் தொடங்கிவிட்டால் போதும். பெரிய சார் கட்சிக்காரன் சொல்லுவான்: “ஏழு வருஷம் ரப்பர் மரத்துக்குத் தண்ணியும் வளமும் குடுத்தவனுக்கு ஒண்ணும் இல்ல. பால் எடுக்கிற அன்னைக்குக் கத்தி பிடிச்சவனுக்காக்கும் பேரு.” மற்றவன் கண்ணாடிக் கிளாஸைக் கீழே வைக்காமலே பதில் சொல்லுவான்: “எலே, வெட்டத் தெரியாதவன் வெட்டினா பாலா வரும்? பட்டைதான் போவும். பதினோரு கொல்லம் ஒனக்க சார் பட்டையாக்கும் உரிச்சாரு.”

இந்த இடத்தில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், கணக்கு என்னிடம் இருப்பதால். நானும் ஒவ்வொரு தடவையும் முட்டாள்தனமாகச் சொல்லுவேன். இறுதி ஆட்டத்தில் கோல் விழுவதற்கு முன்னால் தொடர்ந்து பதினோரு பாஸ் போனது. பெரிய சார் காலத்துக்கு முன்னால் எங்கள் அணி நான்கைத் தாண்டியதில்லை. இதைச் சொன்னதும் ஒரு பக்கம் தொடையில் தட்டும். பந்தைக் கடைசியில் உள்ளே அடித்தவன் ஒன்பதாம் நம்பர். அவனையும் அவனுடைய இரண்டு சேக்காளிகளையும் பெரிய சார் அதற்கு முந்திய வருடம் முழுக்க மொத்தம் நாற்பது நிமிடம்தான் களத்தில் விட்டிருந்தார். இதைச் சொன்னதும் மறுபக்கம் தட்டும். அவர்களை அடுத்த வருடத்துக்கென்று வைத்திருந்தார் என்று பெரிய சார் கட்சி. வைத்திருந்தால் பெஞ்சில் பூசணம் பிடித்திருக்கும் என்று கோச் சார் கட்சி. என் எண்கள் யாரையும் ஓர் அங்குலம் நகர்த்தியதில்லை. இருந்தும் மறுநாள் கேட்டால் மறுபடியும் சொல்லுவேன்.

பெரிய சார் ஓய்வு பெற்றபின் சொந்த ஊரான வெள்ளறடைக்கே திரும்பிவிட்டார். மகன் குடும்பத்தோடு இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். வழக்கைப் பற்றி அவரிடம் பேசினால் சிரிப்பார். கோப்பையைப் பற்றி அவருக்கு ஆசை ஒன்றும் மிச்சமில்லை என்றே எனக்குத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும், டீ ஆறி ஆடை படிந்த பிறகு, ஒன்று கேட்பார். “மக்கா, அவனுக்கு என் மேல என்னவாக்கும்?” அவன் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளறடையிலிருந்து குன்னத்துகாலுக்குப் பேருந்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஒன்பதாம் நம்பர் அங்கேதான் வீடு கட்டி இருக்கிறான். கால்பந்தால் கிடைத்த அரசாங்க வேலை. முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவன் பெரிய சார் வீட்டுப் படி ஏறியதில்லை. அவனுக்குத் திரக்கு சார், வேலை ஜாஸ்தி என்று நான் சொல்லுவேன். எத்தனை தடவை சொன்னேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

கல்லூரியின் பழைய மாணவர்கள் போன மாதம் அந்த அணிக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். பெரிய சாருக்குக் கால் வீக்கம், வர முடியவில்லை. ஒன்பதாம் நம்பரும் வரவில்லை. அவனுடைய இரண்டு சேக்காளிகளில் ஒருவன் வளைகுடாவில் இறந்துபோனான், இன்னொருவன் வெளிநாட்டோடு இருந்துவிட்டான். கோச் சார் வந்தார். எழுபத்தாறு வயது, கையில் ஊன்றுகோல், குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற அதே குரல். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்தார். மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு அது என் கையெழுத்து என்று உடனே தெரிந்துவிட்டது.

“எனக்கு முன்னால இருந்தவர் ஒரு பட்டியல் விட்டுட்டுப் போனாரு,” என்றார் கோச் சார். “இதை இத்தனை வருஷமா நான் மேடையில சொன்னதில்ல. வயசாயிடுச்சு, இனி என்ன. கோப்பை வாங்கிக் கொடுத்த அந்த மூணு பேரு பேருக்கு நேரா அவர் என்ன எழுதியிருந்தாரு தெரியுமா? ‘நல்ல கழிவு’.”

கூட்டம் கைதட்டியது. கோச் சார் ஒரு கணம் திகைத்தார். பிறகு, தனக்காகத் தட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். “அந்தக் கழிவை வச்சுத்தான் நான் கோப்பை வாங்கினேன்.” கைதட்டல் இரட்டித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த பெரிய சார் கட்சிக்காரன் பக்கத்திலிருந்தவனின் தோளை இடித்தான். “கேட்டியாலே? கடைசில சம்மதிச்சாச்சு. அந்தப் பயலுவளுக்க கழிவு கண்டுபிடிச்சது நம்ம சாராக்கும்.” மற்றவன் விடவில்லை. “கண்டுபிடிச்சா போராது மக்கா, அத வச்சு ஜெயிக்கணும். அதயும்தானே சொன்னாரு?” இரண்டு பேரும் சிரித்தார்கள். முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக இரண்டு கட்சியும் ஒரே வாக்கியத்துக்குக் கைதட்டின. மேடையில் நின்றவர் சொன்னது என்ன என்று அந்தப் பந்தலில் என் ஒருவனுக்குத்தான் விளங்கியது. என் கைகள் மடியில் கிடந்தன.

கழிவு என்றால் எங்களுக்குத் திறமை. மலையாளத்தில் அதுதான் பொருள். எங்கள் வீட்டுத் தமிழிலும் அதுவே. கணக்கைத் தவிர வேறு கழிவு இல்லாதவன் என்று என் அப்பா என்னைப் பற்றிச் சொல்லுவார். மதுரைக்கு அப்பால் பிறந்த ஒருவருக்கு அந்தச் சொல் குப்பை. ‘நல்ல’ என்பதை முன்னால் வைத்தால் கேலியும் சேர்ந்துவிடும். பெரிய சார் மாற்றலாகிப் போன அன்று இருபத்திரண்டு ஆட்டக்காரர்களைப் பற்றி மலையாளத்தில் எழுதிய பட்டியலை என்னிடம் கொடுத்து, வருகிறவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதாம், தமிழில் எழுதிக் கொடு என்றார். ஒரு பிற்பகலில் எழுதி முடித்தேன். பொக்கம் என்றிருந்ததை உயரம் என்று மாற்றினேன். மடியன் என்றிருந்ததைச் சோம்பல் உள்ளவன் என்று மாற்றினேன். அந்தச் சொற்கள் மலையாளம் என்று எனக்குத் தெரிந்தது. கழிவு என் நாக்குக்குத் தமிழாகவே இருந்தது. மூன்று இடத்தில், ஓர் எழுத்தும் மாறாமல், திருத்தமான கையெழுத்தில் அப்படியே எழுதினேன். பட்டியல் சரிதானா என்று இரண்டு தடவை ஒப்பிட்டும் பார்த்தேன்.

விழா முடிந்து கோச் சாரைப் பார்க்கப் போனேன். விருந்தினர் அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார். அந்தப் பட்டியலைப் பார்த்த அன்று தனக்குத் தூக்கம் வரவில்லை என்றார். முழங்கால் போனதும் தன்னையும் ஒரு தாளில் யாரோ இப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றியதாம். மறுநாள் அந்த மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டு, நீங்கள் உதவாதவர்கள் என்று உங்கள் பெரிய சார் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாராம். வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினாராம். “ஒருத்தன் தூக்கிப் போட்டதை எடுத்து நிமித்தி வைக்கிறதுதான் என் வேலைன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. வேற எதையும் நான் வாழ்க்கையில பெருசா செய்யல சார்,” என்றார். அவர் சொன்னது ‘உதவாதவர்கள்’ என்ற சொல். ‘கழிவு’ என்ற சொல்லை அன்றே சொல்லியிருந்தால் அந்த மூவரும் அங்கேயே சிரித்திருப்பார்கள். நான் அவருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை தொலைபேசியில் பேசினார். இரண்டு தடவையும் அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் பேசினார்.

ஆனால் வெள்ளறடையில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே. அடுத்த வாரம் காலையில் குன்னத்துகாலில் இறங்கினேன். ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் பின்னால் முப்பத்தாறு ரப்பர் மரங்கள். அலுவலகம் போகுமுன் தானே வெட்டிப் பால் எடுப்பான் போலிருக்கிறது. சிரட்டைகளை வாளியில் கவிழ்த்துக்கொண்டே வந்தான். மரத்துக்கு மரம் கூடவே நடந்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், பிற்பகல், என் எழுத்து, மதுரைக்கு அப்பால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எல்லாம். கடைசியில் அவன் நின்றான்.

“அப்போ அவரு நல்ல கழிவு உண்டுன்னா எழுதினாரு?”

“அதே.”

“நீங்க அத அப்படியே எழுதிக் குடுத்திய.”

“ஒரு எழுத்து மாத்தல்ல மக்கா.”

சிரித்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “எனக்க அம்மைக்க அடக்கத்துக்கு அவரு வந்தாரு சாரே. நான் வீட்டுக்குப் பொறத்தால போய் நின்னேன். அவரு போறது வரைக்கும் அங்கத்தான் நின்னேன். அம்மைக்க பெட்டிக்கிட்ட இருக்காம.”

 எறும்புகள் ஒரு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றை எண்ணக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“அவரு என்னை உதவாதுன்னு நெனச்சாருன்னுதான் நான் அன்னைக்கு கிரவுண்டுல அப்படி ஓடினேன்,” என்றான். “நல்லதா எழுதியிருக்காருன்னு தெரிஞ்சிருந்தா பைய ஓடியிருப்பேன். இப்போ இத எதுக்கு சாரே எனக்கிட்ட கொண்டு வாறிய? நான் இத எங்க கொண்டு வைக்க?”

ஒரு தடவை போய்ப் பார், அவருக்கு எண்பத்தாறு ஆகிறது என்றேன். என்ன சொல்லிக்கொண்டு போவேன் என்று கேட்டான்.  அவன் பாலை வடிகட்டி வைத்து, கையைக் கழுவி, உள்ளே போய்ச் சட்டை மாற்றி வந்தான். நான் முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பைக்கைத் திருப்பி நிறுத்தி, தலைக்கவசத்தை மாட்டுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து, “வாறேன் சாரே,” என்றான். போய்விட்டான்.

எங்கள் ஊரில் வரப்போகிறவனும் வாறேன் என்பான், விடைபெற்றுப் போகிறவனும் வாறேன் என்பான். அவன் சொன்னது எது என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வளைவைத் தாண்டுகிற வரைக்கும் பதினெட்டு நொடி இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் தெளிவாகச் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன்.

அதே பாதையில் அடுத்த பேருந்தைப் பிடித்து வெள்ளறடைக்குப் போனேன். பெரிய சாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. குற்றத்தை ஒரு தடவை சொல்வதே கஷ்டம். கழிவு என்று மலையாளத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அதே சொல்லைத் தமிழ்நாட்டுக்காரர் சொல்லுவதுபோல அழுத்திச் சொல்லிப் பார்த்தார். “பொக்கத்த மாத்தினே. மடியன மாத்தினே. இத மாத்தத் தோணல்ல,” என்றார். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்ட நினைத்தார் என்று முகத்தில் தெரிந்தது, ஆனால் அதைவிட அவசரமான ஒன்று வந்துவிட்டது. முன்னால் சாய்ந்து, “அவன்கிட்டச் சொன்னியா? என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

“வாறேன்னு சொன்னான் சார்.”

ஒரு பொய்யும் இல்லை. அவன் சொன்ன சொல்லை அப்படியே ஒப்பித்தேன்.

பெரிய சார் மருமகளைக் கூப்பிட்டார். அறையில் இருக்கிற கைவைத்த நாற்காலியை முன்னால் கொண்டுவந்து போடச் சொன்னார். எப்போது வருவான் என்று சொன்னானா என்று என்னைக் கேட்டார். சொல்லவில்லை என்றேன். “ஞாயிறாத்தான் இருக்கும். மத்த நாள் ஆபீஸ் உண்டுல்லா,” என்று தானே முடிவு செய்தார். அந்த ஞாயிறு நான் போனபோது தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தார். பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படியே. போகாமல் வீட்டில் இருக்க எனக்கு முடியவில்லை. போய் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுகிறேன். கைவைத்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. பைக் வருகிற சத்தம் அவருக்குக் கேட்காது, எனக்குத்தான் கேட்கும். அவர் என் கழுத்து திரும்புவதைப் பார்த்துத்தான் சாலையைப் பார்க்கிறார். அதனால் இப்போது கழுத்தைத் திருப்பாமல் இருக்கப் பழகிவருகிறேன்.

நேற்று ஐந்தாவது ஞாயிறு. நான்கரை மணிக்கு மருமகள் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். போகும்போது சொல்ல எங்களுக்கு இருப்பது ஒரு சொல்தான். வாயில் அது தானாக வந்துவிட்டது.

“வாறேன் சார்.”

அவர் தலையாட்டவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“அவன் சொன்னது எப்படி, மக்கா?” என்றார். “இப்போ நீ சொன்ன மாதிரியா?”

அதற்குள் பேருந்து வந்துவிட்டது என்று எழுதலாம். வரவில்லை. அதற்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.